விருந்தும் வாடிவாசலும்: பொங்கல் நாள்களில் நோயாளிக்கு உரிய இடம்

மார்கழி முடியும் தறுவாயில் மருத்துவர்களாகிய எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "பண்டிகை நாளில் கொஞ்சம் சாப்பிடலாமா, ஐயா?" உள்நோயாளிப் பிரிவுகளில் அதனோடு ஒரு வேண்டுகோளும் சேர்ந்துகொள்ளும்: "அலங்காநல்லூருக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், டிவியில் பார்க்க வேண்டும்." இரண்டுமே நியாயமான ஆசைகள். நோய் ஒருவரின் நாக்கையும் கண்ணையும் மறக்கச் செய்வதில்லை. எனினும் இவ்விரண்டையும் கேட்கும்போதெல்லாம் என் மனம் இரு திசைகளில் இழுபடுகிறது. பண்டிகையை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் பண்டிகை முடிந்த மறுவாரம் வார்டுகளில் படுக்கைகள் நிரம்புவதைக் கண்டவன் என்ற முறையில் வாய்மூடி வாழ்த்துச் சொல்லவும் இயலவில்லை. அந்த இரு மனநிலையையும் மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரை.

விருந்தைப் பற்றி

பொங்கல் உழைப்புக்குச் செய்யப்படும் நன்றி. புது அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், பால் ஆகியவை ஒரு பானையில் சேர்ந்து பொங்கி வழிவதை வீடே நின்று பார்க்கிறது. மஞ்சள் கொத்து, கரும்பு, மொச்சை, அவரை, பூசணி, சர்க்கரைவள்ளி என்று அந்தப் பருவத்தில் மண் தந்த அனைத்தும் வாசலுக்கு வருகின்றன. உண்பதற்கு முன் கதிரவனுக்குப் படைப்பதும், அடுத்த நாள் மாட்டுக்கு ஊட்டுவதும், பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவதும் இந்த விழாவின் உயிர். இதில் மருத்துவர் குறை காண ஒன்றுமில்லை.

குறை தொடங்குவது "ஒரு நாள்தானே" என்ற சொல்லில்தான். அந்தச் சொல் அன்பினால் சொல்லப்படுகிறது; ஆயினும் அது உண்மையன்று. போகி, தைப்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல் என விழா நான்கு நாள்கள் நீள்கிறது. நான்கு நாள்களிலும் இனிப்பு, வடை, அப்பளம், ஊறுகாய். மூன்றாம் நாளிலிருந்து அசைவ விருந்து. இடையிடையே மீந்த சர்க்கரைப் பொங்கல். மாத்திரை வேளை தவறுகிறது, உறக்கம் குறைகிறது, நடைப்பயிற்சி நின்றுபோகிறது. இவ்வளவையும் உடல் ஒரே நாளாகக் கணக்கிட்டுக் கொள்வதில்லை.

இதற்கு நேர்மாறான வழக்கமும் சில வீடுகளில் உண்டு. "உனக்கு இது ஆகாது" என்று கூறி, அனைவரும் இலை போட்டு அமரும்போது நோயாளிக்கு மட்டும் தனியே ஒரு கிண்ணத்தில் கஞ்சியைக் கொடுத்துத் தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைத்துவிடுவது. முன்னதைவிட இது பாதுகாப்பானதாகத் தோன்றலாம். ஆனால் தன் வீட்டுப் பண்டிகையைத் தூரத்திலிருந்து பார்க்க வைக்கப்பட்ட முதியவர், அன்று இரவு எல்லோரும் உறங்கியபின் சமையலறைக்குச் சென்று பானையைத் திறப்பதைப் பல குடும்பத்தார் என்னிடம் கூறியிருக்கிறார்கள். தடை மட்டும் போட்டால் ஒளிவுமறைவும் உடன் வரும். ஒளித்து உண்பவர் அளவு பார்த்து உண்பதில்லை. மறுநாள் மருத்துவரிடம் சொல்வதும் இல்லை.

வெளியே எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு வழக்கங்களும் ஒரே குறையிலிருந்து பிறப்பவை என்பது என் கருத்து. நோயாளிக்கு இந்தப் பண்டிகையில் என்ன பங்கு என்பதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. இலை போட்டபின் முடிவெடுத்தால் இரக்கம் ஒரு பக்கம் இழுக்கும். அச்சம் மறுபக்கம் இழுக்கும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே முடிவெடுத்தால் இரண்டுக்கும் வேலையில்லை.

நோய்க்கு நோய் அளவு வேறு

"எனக்குப் பத்தியம்" என்று பொதுவாகச் சொல்வது போதாது. யாருக்கு எது கேடு என்பது நோயைப் பொறுத்தது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு: 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. ஆகவே நீரிழிவு உள்ள ஒருவரேனும் இல்லாத பந்தி இன்று அரிது. வெல்லம் இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக ஊன்றியிருக்கிறது. வெல்லத்தின் பெரும்பகுதியும் சர்க்கரையே; இரத்தச் சர்க்கரையை அது வெள்ளைச் சர்க்கரையைப் போலவே உயர்த்தும். அதற்காகச் சர்க்கரைப் பொங்கலை முற்றிலும் விலக்க வேண்டுமென்பதில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவர், தம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று கரண்டி உண்ணலாம். ஆனால் வழக்கமான சோற்றுக்கு மேல் அன்று, அந்த அளவு சோற்றைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாக. காய்கறிகளையும் கூட்டையும் முதலில் உண்டு, இனிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. உணவுக்குப் பின் கால் மணி நேரம் தெருவில் நடப்பது அதனினும் நல்லது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. நல்ல நேரம் பார்த்துப் பானை வைத்து, படையல் முடியும்வரை உண்ணாமல் இருப்பது பல குடும்பங்களின் வழக்கம். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ காலையில் எடுத்துக்கொண்டபின் இவ்வாறு காத்திருந்தால் இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது படையலுக்காகக் காத்திருக்கலாகாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே பருகவேண்டும். நெய் சேர்ந்த பொங்கல் அந்த வேளைக்கு உதவாது. கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நல்ல நேரம் நண்பகலை ஒட்டி அமையும் ஆண்டுகளில், மருந்தின் வேளையை எப்படி மாற்றுவது என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவது தீர்வன்று.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு: இவர்கள் அஞ்சவேண்டியது பொட்டாசியம் என்னும் உப்புச் சத்துக்கு. கரும்பு, வாழைப்பழம், இளநீர், சர்க்கரைவள்ளி, சேனை, மொச்சை எனப் பொங்கலின் பெருமைக்குரிய பொருள்கள் பலவற்றிலும் அது மிகுந்திருக்கிறது. பழுதுற்ற சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் அது ஏறினால் தசைகள் தளரும், இதயத் துடிப்பே தடுமாறி நின்றுபோகவும் கூடும். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். கடைகளில் கிடைக்கும் குறைந்த சோடிய உப்பு நல்லதென்று எண்ணி அதை வாங்கிப் போடுவோர் உண்டு. அதில் சோடியத்துக்கு ஈடாகப் பெரும்பாலும் பொட்டாசியமே சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோயாளிக்கு அது கேடு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பண்டிகைக்காக ஒரு முறையைத் தவறவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நாளை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் டயாலிசிஸ் பிரிவில் முன்கூட்டியே பேசுங்கள்.

இதயத் தளர்ச்சியும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு: இனிப்பைவிட உப்பே இவர்களின் பகை. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்கவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு அப்பளம், ஒரு கரண்டி ஊறுகாய், வடை, குழம்பு என்று ஒரே வேளையில் அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நீர் அளவு குறிக்கப்பட்டவர்கள், பாயசமும் ரசமும் கரும்புச்சாறும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே என்பதை மறக்கலாகாது.

தொலைக்காட்சியைப் பற்றி

பண்டிகையும் விளையாட்டும் கைகோத்து வருவது நமக்குப் புதிதன்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவுதலை விரிவாகப் பாடுகிறது. அண்மைக் காலத்தை எடுத்துக்கொண்டால், சேப்பாக்கத்தில் தை மாதத்தையொட்டி நடைபெற்ற கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பொங்கல் டெஸ்ட் என்றே பெயர். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்ததையும், 1988 ஜனவரியில் தம் முதல் டெஸ்டிலேயே ஹிர்வானி 16 விக்கெட்டுகள் வீழ்த்தியதையும் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். கரும்பைக் கடித்துக்கொண்டே வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்த தலைமுறை அது.

இன்று அந்த இடத்தை வாடிவாசல் பிடித்திருக்கிறது. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என மூன்று நாள்களும் காலை தொடங்கி மாலைவரை நேரலை ஓடுகிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் திரண்ட இளைஞர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து சட்டம் இயற்றப்பட்டதும், 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ஏற்றதும் அனைவரும் அறிந்தவை. அந்தப் போராட்டத்தின் நினைவால், இதனைப் பார்ப்பதே ஒரு பண்பாட்டுக் கடமை என்று கருதுவோரும் உள்ளனர்.

நானும் பார்க்கிறேன். திமிலைத் தழுவிய இளைஞன் விடாமல் நிற்கும்போது எனக்கும் பெருமிதம் உண்டாகிறது. யாரிடமும் பிடிபடாமல் செல்லும் காளையைக் கண்டால் அதனினும் மகிழ்ச்சி. ஆனால் மதுரை வட்டாரத்தில் மருத்துவம் பார்ப்பவனுக்கு அந்தக் காட்சியின் தொடர்ச்சியும் தெரியும். களத்தின் ஓரத்தில் மருத்துவக் குழுவும் ஆம்புலன்சுகளும் நிற்கின்றன. வீரர்களும் காளைகளும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அனுமதிக்கப்படுகின்றனர். தரையில் தென்னை நார்க்கழிவு பரப்பப்படுகிறது. இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் காயமடைகிறார்கள்; சிலர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் வீரர்கள் மட்டுமல்லர், காளை வளர்த்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் குத்துப்பட்டு விழுந்தால் கேமரா சில நொடிகள் அவரைக் காட்டுகிறது. உடனே அடுத்த காளைக்காக வாடிவாசலுக்குத் திரும்பிவிடுகிறது. விழுந்தவர் எங்கு சென்றார், அவர் வீட்டில் அன்று பொங்கல் எப்படி முடிந்தது என்பதை நேரலை காட்டுவதில்லை. இந்த இதழைப் படிப்போரில் அத்தகைய குடும்பத்தாரும் இருக்கக்கூடும். அவர்களுக்காகவேனும் அந்த விளையாட்டைப் பார்க்கும்போது, "இன்னும் யாரும் குத்துப்படவில்லையா?" என்ற வேடிக்கைப் பேச்சை நாம் விட்டொழிக்கலாம்.

விளையாட்டைப் பார்ப்பது பார்ப்பவர் உடலையும் தொடும் என்பதற்கு வேறொரு நாட்டில் தெளிவான சான்று கிடைத்திருக்கிறது. 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, மியூனிக் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு கணக்கெடுத்தனர். ஜெர்மனி ஆடிய நாள்களில் இதயம் தொடர்பான அவசர நிகழ்வுகள் வழக்கத்தைவிட 2.66 மடங்காக இருந்தன. ஏற்கெனவே இதயநோய் இருந்தோரிடம் அந்த உயர்வு மிகுதி; ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரமே உச்சம். ஜல்லிக்கட்டைப் பற்றி இத்தகைய கணக்கை நான் கூறவில்லை. ஆனால் வயிறு நிறைய உண்டு, காலை மாத்திரையை மறந்து, இருக்கை நுனியில் அமர்ந்து கூச்சலிடும் இதயநோயாளிக்கு அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கை என்பதில் ஐயமில்லை.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். கூடத்தில் ஆண்களும் பிள்ளைகளும் காளைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, அடுப்பங்கரையில் ஒருவர் காலை முதல் நின்றுகொண்டிருக்கிறார். பெரும்பாலும் அவர் அந்த வீட்டின் தாய். பல வீடுகளில் அவரே நீரிழிவோ முழங்கால் வலியோ இரத்த அழுத்தமோ உள்ள நோயாளி. அனைவரும் உண்டபின் மீந்ததை உண்டு, மாத்திரையை மாலையில் நினைவுகூர்ந்து விழுங்குபவரும் அவரே. தொலைக்காட்சி குடும்பத்தை ஓரிடத்தில் சேர்க்கிறது என்று பாராட்டும்போது, அந்த ஓரிடத்தில் அவர் இல்லை என்பதையும் பார்க்கவேண்டும்.

இவ்வளவையும் எழுதியபின், தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள் என்று நான் கூறுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படிக் கூற மனம் வரவில்லை. பக்கவாதத்தால் நடமாட்டம் குறைந்த ஒருவர் அலங்காநல்லூருக்குச் செல்ல இயலாது; அந்தக் கூச்சலும் குலவையும் மண்ணின் புழுதியும் அவரிடம் வருவதற்கு அந்தத் திரை ஒன்றே வழி. காளையின் சுழியையும் கொம்பின் அமைப்பையும் கண்டு அவர் பேரனுக்கு விளக்கும் அரைமணி நேரத்தில், நோய்க்கு முன்பிருந்த மனிதர் திரும்பி வருகிறார். பேச்சுப் பயிற்சியில் வராத சொற்கள்கூட அப்போது வருவதைக் குடும்பத்தார் கண்டிருக்கலாம். இத்தகைய மகிழ்ச்சியைப் பறிப்பது மருத்துவமாகாது. ஆனால் அந்த மகிழ்ச்சி கிடைப்பது அவரோடு யாரேனும் உடன் அமர்ந்திருந்தால்தான். தனியே ஓர் அறையில் எட்டு மணி நேரம் திரைமுன் விடப்பட்டவருக்கு அது பண்டிகையன்று, வெறும் காத்திருப்பு.

இவ்வாண்டு செய்யக்கூடியவை

ஆகவே குடும்பத்தாரிடம் என் வேண்டுகோள் சிலவே.

முதலாவது, நோயாளிக்கு விழாவில் ஒரு வேலை கொடுங்கள். பானையில் முதல் கைப்பிடி அரிசியை அவர் இடட்டும். மஞ்சள் கொத்தை அமர்ந்தபடியே அவர் கட்டட்டும். பால் பொங்கும்போது முதற்குரல் அவருடையதாக இருக்கட்டும். பண்டிகையில் பங்கு என்பது உண்ணும் அளவில் மட்டும் இல்லை என்பதை அவர் அப்போது உணர்வார். அளவு குறைந்ததும் அவ்வளவாகத் தோன்றாது.

இரண்டாவது, அவருக்கெனத் தனிச் சமையல் செய்வதைவிட, அனைவருக்குமான சமையலைச் சற்றே மாற்றுங்கள். பொங்கலில் வெல்லமும் நெய்யும் கொஞ்சம் குறைந்தாலும், குழம்பில் உப்பு மட்டாக இருந்தாலும் மற்றவர்களுக்கு நன்மையே. ஒரே பந்தியில், ஒரே இலையில், அளவறிந்து பரிமாறுங்கள். சிறுநீரக நோயாளிக்கு மட்டும் காய்களைத் தனியே வடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, உண்ணும் ஒரு மணி நேரம் திரையை அணைத்துவிடுங்கள். திரையைப் பார்த்தபடி உண்பவர் எவ்வளவு உண்டோம் என்பதை அறிவதில்லை. அந்த ஒரு மணி நேரம் சமைத்தவரும் உடன் அமர்ந்து உண்ணட்டும். பிறகு அனைவரும் சேர்ந்தே காளைகளைப் பார்க்கலாம்.

நான்காவது, மருத்துவமனையில் தங்கியிருப்பவருக்கு வீட்டுப் பொங்கல் கொண்டுவர விரும்பினால், வார்டில் உள்ள செவிலியரிடமோ உணவியல் நிபுணரிடமோ முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஏதேனும் ஒரு வழி சொல்வார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அன்போடு கொடுக்கும் முன்னும் கேளுங்கள். அவர் உண்ணக்கூடாதது எது என்பது நமக்குத் தெரியாது.

கடைசியாக, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், வாய் கோணுதல் ஆகியவற்றுக்குப் பண்டிகை நாள் என்ற வேறுபாடு கிடையாது. "விருந்தாளிகள் போகட்டும், நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்த மணி நேரங்கள்தான் இதயத்திலும் மூளையிலும் மீளாச் சேதத்தை விளைவிக்கின்றன. 108 ஆம்புலன்ஸ் சேவைக்கு விடுமுறை இல்லை. அவசரப் பிரிவுக்கும் இல்லை. வீட்டில் இருபது பேர் கூடியிருக்கும் வேளையில் தம் வலியைச் சொல்ல முதியோர் தயங்குவார்கள். அவர்கள் முகத்தை இடையிடையே பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்.

விருந்தின் மீதும் விளையாட்டின் மீதும் எனக்குள்ள இரு மனம் இவ்வாண்டும் தீரப்போவதில்லை. பணியில் இருக்கும் நாங்களும் வார்டில் ஒரு கரண்டிப் பொங்கல் உண்போம். ஓய்வு கிடைத்தால் காத்திருப்போர் கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு சுற்று பார்ப்போம். உங்கள் வீட்டில் பால் பொங்கும் வேளையில் உடல் நலிந்தவரும் பானையருகே இருக்கட்டும். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.